கணக்கில் வராத பத்தில் மூவர்

சிங்கப்பூரில் ஏற்றத்தாழ்வு குறைந்துவருகிறது என்று எழுதுவோர் சான்றாகக் காட்டுவது ஒற்றை எண்ணை. இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912இல் வகுத்த குறியீடு அது. எல்லோருக்கும் சம வருமானம் என்றால் 0. அனைத்தும் ஒருவரிடமே குவிந்தால் 1. சிங்கப்பூரின் 2023ஆம் ஆண்டுக் குறியீடு 0.433; வரியையும் அரசு உதவிகளையும் கணக்கில் கொண்டால் 0.371. எண்ணில் பிழையில்லை. அது யாரைப் பற்றிய எண் என்று கேட்கத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

குடிமக்களோ நிரந்தரவாசிகளோ தலைமையேற்கும், வேலை பார்ப்போர் உள்ள குடும்பங்களை மட்டும் அளந்து பெற்ற எண் அது. அத்துறை இதை மறைக்கவில்லை. மேற்கோள் காட்டுவோரே விட்டுவிடுகிறார்கள். 2023இன் நடுவில் அத்தீவின் மக்கள்தொகை 59.2 லட்சம். அவர்களில் 17.7 லட்சம் பேர் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். பத்தில் மூவர். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழரும் வங்கதேசத்தவரும் இதில் அடக்கம். உயர்சம்பளம் பெறும் அயல்நாட்டு நிர்வாகிகளும் அடக்கம். ஆக, ஏணியின் கீழ்ப்படிகளையும் மேற்படிகள் சிலவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அதன் உயரத்தை அளக்கிறோம்.

வீட்டோடு தங்கிச் சமைத்துக் குழந்தை வளர்க்கும் பணிப்பெண்ணின் சம்பளமும் அக்குடும்ப வருமானத்தில் சேர்வதில்லை. அவள் அக்குடும்பத்தினள் அல்லள் என்பது சரியே. ஆனால் தனியொருத்தியாகவேனும் எங்காவது எண்ணப்பட வேண்டாமா?

அவர்கள் ஊர் திரும்புகிறவர்கள், ஊர்க் கணக்கில் வருவார்கள் என்பார்கள். இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு, சேர்ந்து வசித்து ஒரே அடுப்பில் உண்பவர்களையே குடும்பம் என்கிறது. கடல் கடந்தவன் அந்த அடுப்பில் உண்பதில்லை. அவன் அனுப்பும் பணத்தில் வாங்கிய அரிசி வீட்டின் நுகர்வாகப் பதிவாகிறது, அவன் பதிவாவதில்லை. இரண்டு நாட்டுக் கணக்கிலும் அவனுக்கு இடமில்லை.

பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச் 2016இல் வெளியான தம் நூலில் வேறொரு வாதத்தை வைக்கிறார்: குறைந்த உரிமைகளுடனேனும் கூடுதலான புலம்பெயர்ந்தோரைச் செல்வ நாடுகள் ஏற்றால் உலக ஏற்றத்தாழ்வு குறையும். எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமல்ல இது. ஊரில் கிடைப்பதைவிட அங்கே கூலி அதிகம் என்பதால்தான் போகிறார்கள். ஆனால் எவ்வளவு ஆதாயம் என்று சொல்ல வேண்டுமானால், ஏஜெண்டுக்குக் கொடுத்த தொகை, ஸ்கில் டெஸ்ட் பயிற்சிச் செலவு, அவற்றுக்காக வாங்கிய கடனின் வட்டி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். சம்பளத்தை மட்டும் ஊர்க் கூலியோடு ஒப்பிடுவது அரைக் கணக்கு. உரிமையைக் குறைப்பதற்கு நியாயமாகக் காட்டப்படும் ஆதாயத்தைக்கூட முழுமையாக அளக்காமல் விடுவது எவ்வகை நேர்மை?

தரவு இல்லை என்ற சாக்கும் செல்லாது. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முதலாளி மாதச் சம்பளத்தை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் லெவி வசூலாகிறது. வசூலிக்கும்போது தலை எண்ணப்படுகிறது. 2020இல் கொரோனா பரவியபோதும் எண்ணினார்கள். ஆனால் சமூகத் தொற்று ஒரு வரிசையிலும் தொழிலாளர் விடுதித் தொற்று தனி வரிசையிலும் அறிவிக்கப்பட்டன. விடுதிகளில் இருந்த சுமார் 3.2 லட்சம் பேரில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசே சொன்னது. நோயை இவ்வளவு துல்லியமாக அளக்க முடிந்த அரசால் கூலியை அளக்க முடியாதா?

குடும்பக் கணக்கை மாற்ற வேண்டாம். அதனருகில், அந்நிலத்தில் உழைக்கும் அனைவரின் தனிநபர் வருமானத்தையும் வைத்து இரண்டாவது எண் ஒன்றை வெளியிடட்டும். அதுவரை, முதல் எண்ணைத் தமிழில் எடுத்தாளும் நாமாவது ‘குடிமக்கள், நிரந்தரவாசிகளின் குடும்பங்களுக்குள் மட்டும்’ என்ற சொற்களைச் சேர்த்தே எழுதுவோம். விட்டுப்போனவர்களில் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.