வாசல் திறக்கும் முன் காவல் அமைப்போம்

கட்டளை வரியைக் கையாளப் பழகிய வாசகர்களுக்கு அடுத்து எழும் ஆசை ஒன்றுண்டு. தம் கணினியிலுள்ள கோப்புகளைத் தொலைவிலிருப்போரும் எடுத்துக்கொள்ள ஒரு வழி செய்ய வேண்டும் என்பதே அது. அயல்நாட்டில் பணிபுரியும் மகனுக்கு வீட்டிலுள்ள நிலப்பத்திரத்தின் நகல் தேவைப்படுகிறது. மணமாகிச் சென்ற மகள் குடும்ப நிழற்படங்களை அனுப்ப விரும்புகிறாள். இத்தகைய தேவைக்கென ஏற்பட்ட பழைய ஏற்பாடுதான் எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை.

இதனை முதன்முதலில் வகுத்தெழுதியவர் ஓர் இந்தியர் என்பதைப் பலர் அறியார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண், 1971 ஏப்ரலில் இதன் முதல் வரைவை வெளியிட்டார். இன்று வழங்கும் வடிவத்திற்கு அடிப்படையான ஆவணம் 1985-இல் வெளிவந்தது. அக்காலத்தில் கணினி வலையமைப்பு என்பது பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்த சிறு வட்டமே. எனவே, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எவ்வித மறைப்புமின்றிக் கம்பி வழியே செல்லுமாறு அது அமைந்துவிட்டது. இன்றைய ஆபத்துகளுக்கு முதற்காரணம் இதுவே.

லினக்ஸின் உபுண்டு வகையில் இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் மென்பொருள் ‘விஎஸ்எஃப்டிபிடி’. கீழே தமிழ் எழுத்தில் தரப்படும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சுச் செய்க. ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎஸ்எஃப்டிபிடி’ என்பது மென்பொருளை நிறுவும். ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் விஎஸ்எஃப்டிபிடி’ என்பது அதனை இயக்கும். ‘ஸ்டார்ட்’ என்பதற்குப் பதில் ‘எனேபிள்’ என இட்டால், கணினி இயங்கத் தொடங்கும் போதெல்லாம் சேவையகமும் தானே தொடங்கும். ‘ஸ்டேட்டஸ்’ என இட்டால் அதன் நிலையைக் காட்டும்.

வாசலைத் திறப்பது இவ்வளவு எளிது. யாருக்குத் திறப்பது, எதுவரை விடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். அந்த விதிகள் ‘இடிசி’ அடைவிலுள்ள ‘விஎஸ்எஃப்டிபிடி.கான்ஃப்’ என்னும் கோப்பில் உள்ளன. அவற்றுள் நான்கு இன்றியமையாதவை.

முதலாவது, ‘அனானிமஸ்_எனேபிள்=நோ’. பெயர் கூறாத எவரும் நுழையலாகாது என்பது இதன் பொருள். இந்த வரியை நீக்கிவிட்டால், மென்பொருள் அதனைத் தடை எனக் கொள்வதில்லை. இசைவு என்றே கொள்ளும்! ஆகவே வரி இருக்கிறதா எனக் கண்ணால் கண்டு உறுதி செய்க.

இரண்டாவது, ‘ரைட்_எனேபிள்’. பிறர் உங்கள் கணினியில் கோப்பு வைக்கத் தேவையிருந்தால் மட்டும் ‘எஸ்’ என இடுக.

மூன்றாவது, ‘க்ரூட்_லோக்கல்_யூசர்=எஸ்’. விருந்தினரைக் கூடத்தோடு நிறுத்துவது போல, நுழைந்தவரை அவரவர் அடைவுக்குள்ளேயே இது நிறுத்தும். அந்த அடைவின் முதல் தளத்தில் அவருக்கு எழுதும் உரிமை இருந்தால், மென்பொருள் பிழைச்செய்தி காட்டி இணைப்பை மறுத்துவிடும். முதல் தளத்தின் எழுதும் உரிமையை நீக்கி, உள்ளே ஒரு துணை அடைவுக்கு மட்டும் அவ்வுரிமை அளிப்பதே முறையான தீர்வு.

நான்காவது, ‘எஸ்எஸ்எல்_எனேபிள்=எஸ்’. கடவுச்சொல்லும் கோப்புகளும் மறைகுறியாக்கப்பட்டுச் செல்ல இது உதவும். இதற்குச் சான்றிதழ்க் கோப்பு ஒன்றும் வேண்டும்.

மாற்றங்களைச் சேமித்தபின் ‘ரீஸ்டார்ட்’ கட்டளை தந்தால்தான் அவை செயலுக்கு வரும்.

உள்ளே நுழைய முடிகிறது, கோப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை என்று சிலர் திகைப்பதுண்டு. எஃப்.டி.பி.யில் கட்டளை 21-ஆம் எண் துறை வழியே செல்ல, கோப்பு வேறொரு துறை வழியே செல்கிறது. ‘பாஸ்வ்_மின்_போர்ட்’, ‘பாஸ்வ்_மேக்ஸ்_போர்ட்’ என்னும் வரிகளில் 40000, 40100 போன்ற எல்லைகளை இட்டு, தீயரணிலும் அவற்றைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் இக்குறை தீரும்.

மென்பொருளை எங்கிருந்து பெறுகிறோம் என்பதும் முக்கியம். 2011 ஜூலையில் இதே மென்பொருளின் 2.3.4 பதிப்புப் பொதியில் எவரோ கள்ள வாசல் ஒன்றைப் புகுத்தியிருந்தது தெரியவந்தது. பயனர் பெயரின் இறுதியில் சிரிப்புக் குறி இட்டவருக்குக் கணினி முழுதும் வசமாகும்படி அது அமைந்திருந்தது. எனவே இயக்குதளத்தின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தையே நாடுக.

இத்தனை காவலுக்குப் பின்னும், இணையத்தில் எஃப்.டி.பி. வாசலைத் திறந்து வைக்கத்தான் வேண்டுமா? பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையில்லை. 1995-இல் பின்லாந்தின் டாட்டு யுலோனன், தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி இணைப்பை உருவாக்கினார். அதன்மீது இயங்கும் எஸ்.எஃப்.டி.பி. ஒரே துறையில், 22-இல், அனைத்தையும் முடித்துவிடும். ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்’ என்னும் ஒரு கட்டளையே அதனை நிறுவப் போதும். குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளும் 2021-இல் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன. அதனை மட்டுமே அறிந்த பழைய ஸ்கேனர், கண்காணிப்புக் கேமரா போன்றவற்றுக்காக வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் வைத்துக்கொள்வது நலம்.

பிறர் நம்பி ஒப்படைத்த கடவுச்சீட்டு நகலும் மருத்துவ அறிக்கையும் நம்மிடமுள்ள அமானிதம். கட்டளைகளைக் கற்ற பிள்ளைகளுக்கு இப்பொறுப்பையும் சேர்த்தே கற்பியுங்கள்.