சிறு கொப்பரையும் சிறு பத்திரிகையும்

சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறை ஒரு கவிஞ நண்பரோடு பீர் குடித்துக் கழித்தேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடம் ஏதுமில்லை. பீர் நன்றாகவே இருந்தது. மூன்றாவது குவளையின்போது நண்பர் வெளியிட்ட சித்தாந்தம்தான் நன்றாக இல்லை. அது இப்போது நம் வட்டத்தில் வேறு சிலர் வாயிலும் புழங்க ஆரம்பித்திருப்பதால், குடித்த இடத்துப் பேச்சு என்று விட்டுவிட முடியவில்லை.

ஓசூரில் பஸ் ஏறினால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூரின் முதல் கொப்பரை வெகு தூரமில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கொப்பரைகளை நிறுத்தி, அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றுகிறார்கள். மேஜைமேல் தாய விளையாட்டிலிருந்து நிலம் வாங்கி விற்கும் விளையாட்டுவரை பலகைகள் கிடக்கின்றன. நண்பர் சொன்னார்: “சிறுபத்திரிகைன்னா இதுதான். சின்னக் கொப்பரை, கொஞ்சமா சரக்கு, ருசி தெரிஞ்ச நூறு பேர். எல்லாத்துக்கும் மேல, உள்ளூர்ச் சரக்கு. டாஸ்மாக் பாட்டில்தான் வாரப் பத்திரிகை.”

கேட்பதற்கு ஜோராக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் பொய்.

முதலில் ‘சின்ன’. கொப்பரைக்காரர் சின்னதாக இருப்பது அவருடைய சரக்கின் ஒரு அம்சம். சின்னது என்பதற்காகவே அதிக விலை வைக்கிறார், நாமும் அதற்காகவே கொடுக்கிறோம். ஒரு குவளைக்குக் கொடுத்த காசில் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வருஷச் சந்தா கட்டியிருக்கலாம். (நண்பர் கட்டவில்லை.) சிறுபத்திரிகை தன் சின்னத்தனத்தை யாருக்கும் விற்றதில்லை. பெரிதாவதற்குக் கேட்கப்பட்ட விலையைக் கொடுக்க மறுத்ததால் அது சின்னதாக நின்றது. வாசகர்கள் நூறு பேர்தான் என்பது அதற்கு நேர்ந்த நஷ்டம். அதைப் பெருமையாக மாற்றிக்கொண்ட அன்றே நாம் எழுத்தாளர்கள் என்பது போய் ருசி பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறோம்.

அடுத்தது ‘உள்ளூர்’. சுவரில் எழுதி வைத்திருந்தார்கள்: மால்ட் ஜெர்மனியிலிருந்து, ஹாப்ஸ் ஜெர்மனியிலிருந்து. தண்ணீர் மட்டும் உள்ளூர். இதில் குற்றம் ஒன்றுமில்லை. நாவல் என்ற உருவமே அப்படி வந்ததுதான், அதற்காக யாரும் வெட்கப்படவில்லை. ஆனால் வந்ததை வந்தது என்று சொல்லும் நேர்மை வேண்டும். ‘உள்ளூர்’ என்று பெயர் வைக்கும்போது, உண்மையில் உள்ளூராக இருந்தது எங்கே போயிற்று என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை நண்பர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நான் கேட்டுக்கொள்ளும்படி ஆனது. பரிமாறிய பையன், “சார், நீங்க பேங்க் சார்தானே?” என்றான். பேரிகைப் பக்கத்துக்காரன். எங்கள் கவுண்டரில் என்னைப் பார்த்திருக்கிறான். அவன் தாத்தா ஈச்சமரம் சீவியவராம். “கேஸ் போட்டு நிறுத்திட்டாங்க சார்.” இந்த பீர் எப்படியிருக்கும் என்று கேட்டேன். “ட்ரெயினிங்ல ஒரு வாய் குடுத்தாங்க. காரியாத்தான் இருந்துது.”

இந்த எல்லையின் சரித்திரம் அந்தப் பையனின் இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபரில் மதராஸ் மாகாணத்தின் மதுவிலக்கைத் தொடங்க எடுத்துக்கொண்டது சேலம் ஜில்லாவை. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அதற்குள் இருந்தன. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு விலக்கு போயிற்று, வந்தது, போயிற்று. வரி மட்டும் போகவில்லை. 1987இல் கள் தடை செய்யப்பட்டது. 2003இல் அரசே கடை திறந்து பாட்டில் விற்க உட்கார்ந்தது. அந்தப் பக்கம், கர்நாடகம் 2007இல் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம், இந்த எல்லையின் இரு பக்கமும் சேர்த்து 150க்கும் மேற்பட்ட கூலிக்காரர்கள் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள். அதற்குச் சில வருஷங்களுக்குள் பெங்களூரில் கொப்பரைகள் ஏறின. ஏழையின் உள்ளூர்ச் சரக்கு குற்றம். வசதியுள்ளவனின் உள்ளூர்ச் சரக்கு ரசனை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது உரிமம் என்கிற காகிதம்.

இதனால் நான் கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கள்ளைப் பற்றி உருகி எழுதும் இன்னொரு கோஷ்டி நம்மிடம் உண்டு. கலயம், வெல்ல வாசனை, பாட்டன் என்று பக்கம் பக்கமாக. அவர்களில் ஒருவரும் மரம் ஏறியதில்லை. ஏறியவனுக்கு அது மார்புத் தோல் உரியும் வேலை, ஜாதி ஒட்டிய வேலை. கொப்பரைக் கோஷ்டி, கலயக் கோஷ்டி இரண்டுக்கும் வேண்டியது ருசிதான். அதைச் செய்தவன் யாரும் தேவையில்லை.

பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் நண்பர் பலகைக்குத் தாவினார். மைசூரின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் எத்தனை பலகை விளையாட்டுகளைச் சிருஷ்டித்தார் தெரியுமா என்றார். தெரியும். ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் பார்த்திருக்கிறேன். ‘ஸ்ரீதத்வநிதி’யில் விளையாட்டுக்கென்றே ஒரு நிதி ஒதுக்கினார். சதுரங்கக் குதிரை எந்தக் கட்டத்திலும் இரண்டாம் முறை கால் வைக்காமல் 64 கட்டங்களையும் சுற்றி வருவதற்கு விடை கண்டார். ஆச்சரியமான மூளை. ஆனால் நண்பர் சொல்லாமல் விட்ட வருஷம் ஒன்று உண்டு: 1831. அந்த வருஷம் ஆங்கிலேயர்கள் அவரிடமிருந்து நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1868இல் சாகும்வரை திரும்பத் தரவில்லை. நிஜக் குதிரைப்படை கையை விட்டுப் போன ராஜாவுக்கு மரக்குதிரை எந்தக் கட்டத்துக்கும் போகும். நம் இலக்கிய வட்டங்களில் உருவச் சோதனை என்ற பெயரில் நடக்கும் பலவற்றையும் பார்க்கும்போது எனக்கு இந்த ராஜா ஞாபகம்தான் வருகிறது. அவராவது நிலத்தைப் பறிகொடுத்தார். நமக்கு யார் என்ன பிடுங்கினார்கள்? கேட்காமலேயே ஒப்படைத்துவிட்டுப் பலகை முன் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படியென்றால் விளையாட்டே வேண்டாமா? நண்பர் கோபமாகத்தான் கேட்டார். வேண்டும். எங்கள் மேஜையில் கிடந்த இன்னொரு பலகையே அதற்குச் சாட்சி. நிலம் வாங்கி, வீடு கட்டி, வாடகை பிடுங்கி, எதிராளியைத் திவாலாக்கும் ‘மோனபலி’. அதன் மூலத்தை லிஸி மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904இல் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிவது எத்தனை பெரிய அநியாயம் என்று காட்டுவதற்காகச் செய்த பலகை. இரண்டு விதித் தொகுதிகள் வைத்தார். ஒன்றில் ஒருவன் ஜெயிக்க மற்றவர்கள் அழிவார்கள். மற்றதில் செல்வம் உண்டானால் எல்லோருக்கும் பங்கு. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கியது. சார்லஸ் டாரோ என்பவர் கண்டுபிடித்ததாகச் சொல்லி உலகமெல்லாம் விற்றது. இரண்டாவது விதித் தொகுதி மறைந்துவிட்டது. கண்டனமாகப் பிறந்தது, கண்டிக்கப்பட்டதற்கே பயிற்சிப் பள்ளி ஆயிற்று.

நமக்கு நேர்ந்துகொண்டிருப்பதும் இதுதான். சிறுபத்திரிகை ஒரு கண்டனமாகப் பிறந்தது. பலகை இன்னும் இருக்கிறது: மெலிந்த அட்டை, குறைந்த பிரதி, இறுகிய மொழி. இரண்டாவது விதித்தாளை மட்டும் நாமே தூக்கி எறிந்துவிட்டு, யார் ஜெயித்தார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த லட்சணத்தில் ‘உள்ளூர்ச் சரக்கு’ என்ற லேபிள் வேறு.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு கவிதையை ‘மண்’ என்று புகழ்வதற்கு முன், அந்த மண் யார் பெயரில் பட்டா என்று விமர்சகன் கேட்கட்டும். ஒரு ருசியை உயர்ந்தது என்று தீர்ப்பளிக்குமுன், அந்த ருசிக்காக எது சட்டவிரோதமாக்கப்பட்டது என்று பார்க்கட்டும். இது ரசனைக்குப் புறம்பான விஷயம் என்பார்கள். நாக்கு உடம்புக்குப் புறம்பானதா?

ஞாயிறு இரவு ஜூஜூவாடிக்குத் திரும்பும்போது நண்பர் தூங்கிவிட்டார். மறுநாள் காலை கவுண்டரில் எனக்காகக் காத்திருந்த முதல் கட்டு, டாஸ்மாக் கடையின் சனி, ஞாயிறு வசூல். எண்ணி வாங்கி முத்திரை குத்தினேன். ஆகவே இந்தக் கணக்கிலிருந்து என்னை நான் விலக்கிக்கொள்ளவில்லை. நண்பரும் விலகிக்கொள்ள முடியாது என்பதே என் கட்சி. மறுப்பதானால் மேஜையில் வேண்டாம், இதே பக்கங்களில் மறுக்கட்டும்.