ஒன்றரை வயசுப் பயணியை மறந்துபோன விமானம்

நீண்ட தூர விமானத்தில் போய் வந்தவர் யாரைக் கேட்டாலும் ஒரு கதை கட்டாயம் வரும். "பின்னாடி சீட்ல ஒரு குழந்தை, ராத்திரி முழுக்க அழுதுட்டே இருந்துச்சு, கண்ணே மூடல." கேட்கிறவங்களும் "அய்யோ பாவம்"னு சொல்வாங்க. அந்தப் பாவம் கதை சொல்கிறவருக்குத்தான். அழுத குழந்தைக்கும் இல்லை, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் இல்லை.

"கல்யாணமே ஆகல, உனக்கு எதுக்கு இந்த டாபிக்?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். நம்ம பேட்ச்சில் எம்.எஸ். படிக்க வர்ற ஆகஸ்ட்டில் கிளம்பப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்க. பாதிப் பேருக்கு அதுதான் முதல் விமானப் பயணமே. அந்தக் குழந்தைக்குப் பக்கத்து சீட்டில் உட்காரப் போவது நாமதான். அதனால்தான் இந்த டாபிக்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. விமானத்தில் குழந்தை அழுதால் அது வளர்ப்பின் குறை இல்லை, டிசைனின் குறை. அந்தக் குறையை மொத்தமாக அம்மா தலையில் கட்டிவிட்டு நாம ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வது நியாயம் இல்லை.

முதலில் காதை எடுத்துக்கொள்வோம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் நடுவில் எங்கேயோ. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது விமானங்களில் சுமார் 6,000 அடி. மலை ரயில் மணிக்கணக்கில் இறங்குகிற இறக்கத்தை விமானத்தின் கேபின் அரை மணி நேரத்தில் முடித்துவிடும். அப்போது வெளி அழுத்தம் ஏற, செவிப்பறைக்கு உள்ளே இருக்கிற அழுத்தம் பின்தங்கிவிடும். காதையும் தொண்டையையும் இணைக்கிற ஒரு சின்னக் குழாய் திறந்தால்தான் இரண்டும் சமமாகும். நாம எச்சில் விழுங்குவோம், கொட்டாவி விடுவோம், சூயிங்கம் மெல்லுவோம். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் படுக்கைவசமாகவும் இருக்கும், லேசில் திறக்காது. விழுங்கினால் வலி குறையும் என்று அதுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வலிக்குது, அழுகிறது. இதில் 'அடக்கி வெக்கத் தெரியல' என்று சொல்ல என்ன இருக்கு?

அடுத்தது சீட். 2 வயசுக்குள் இருந்தால் குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம் இல்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். முன் சுவரில் மாட்டுகிற தொட்டில் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு எடை வரம்பு இருக்கிறது, பல விமானங்களில் 10, 11 கிலோதான். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்குகிற குழந்தையைக்கூடத் தொட்டிலிலிருந்து தூக்கியாக வேண்டும். 6 மாதக் குழந்தைக்கு இந்தத் தொட்டில் சரி. 5 வயசுப் பிள்ளைக்கு சீட்டும் திரையும் சரி. நடுவில் ஒன்றரை வயசு இருக்கிறதே, அதுதான் சிக்கல். தொட்டிலில் கால் நீளும், மடியில் நிற்காது, கார்ட்டூன் பத்து நிமிஷம் தாண்டாது, நடக்கக் கற்றுக்கொண்ட புதுசு. நடக்கப் பழகின உடம்பை 14 மணி நேரம் ஒரு மடியில் கட்டிப்போடச் சொல்கிறோம். நம்ம பாஷையில் சொன்னால், இப்படி ஒரு யூசர் உண்டு என்று தெரிந்தும் ஸ்பெக்கில் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

இது சௌகரியத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1989-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விபத்துக்குள்ளானபோது, மடியில் இருந்த குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்றைக்கு விதி அப்படி. அதில் ஒரு குழந்தை இறந்துபோனது. குழந்தைக்கும் தனி இருக்கை, தனிப் பட்டை கட்டாயமாக வேண்டும் என்று அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் அதற்குப் பிறகு தொடர்ந்து கேட்டு வருகிறது. அப்படிக் கட்டாயமாக்கினால் டிக்கெட் செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் போகும், சாலையில் சாவு கூடும் என்பது விமானத் துறை நிர்வாகத்தின் பதில். இன்றுவரை அங்கே அது பரிந்துரைதான், விதி இல்லை. இரண்டு பக்கமும் வாதம் இருக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சின்னப் பயணிக்கு ஓர் இடம் ஒதுக்காமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டது என்பது மட்டும் நிஜம்.

போன டிசம்பரில் என் பெரியம்மா பொண்ணு அமெரிக்காவிலிருந்து தனியாக, ஒன்றரை வயசுப் பையனோடு வந்தாள். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வந்து இறங்கின அன்றைக்கு அவளுக்குக் கடுமையான தலைவலி. காரணம் கேட்டால், முதல் விமானத்தில் 14 மணி நேரமும் தண்ணியே சரியாகக் குடிக்கவில்லையாம். "குடிச்சா பாத்ரூம் போகணும். போனா இவனை யார்கிட்டடா விடறது?" கேபின் காற்று எவ்வளவு வறண்டது தெரியுமா? ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்தையே தொடாது. கடைசியில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பாட்டிதான் எழுந்து வந்து, "குடும்மா, நான் பாத்துக்குறேன்" என்று கையை நீட்டியிருக்கிறார். "பையன் அழுததுகூடப் பரவால்ல. திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க பாரு, அதுதான் முடியல" என்றாள் அக்கா. இவன் 3 வயசு ஆகிறவரை இனிமேல் தனியாக வரமாட்டாளாம். அதுவரை பெரியம்மாவுக்குப் பேரன் வீடியோ காலில்தான்.

"நானும் காசு கொடுத்துத்தானே டிக்கெட் வாங்கினேன், எனக்குத் தூக்கம் வேண்டாமா?" என்பது நியாயமான கேள்வி. இதற்கு விமான நிறுவனங்கள் கண்டுபிடித்த பதில் அமைதிப் பகுதி. ஸ்கூட், ஏர் ஏஷியா எக்ஸ் இரண்டிலும் இருக்கிறது. இண்டிகோ 2016-ல் சில வரிசைகளை 12 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கியது. வேண்டியவர் காசு கொடுத்து உட்காரட்டும், தப்பில்லை. ஆனால் சத்தம் வரிசை எண் பார்த்து நிற்காதே. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2019-ல் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: சின்னக் குழந்தை உட்காரப்போகிற சீட்டை, புக் பண்ணும்போதே வரைபடத்தில் ஒரு குறியீட்டோடு காட்டிவிட்டார்கள். யாரையும் ஒதுக்கவில்லை, தகவலைக் கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கம், 2019-ல் சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானத்தில் ஒரு தாய், 4 மாதக் குழந்தையின் பெயரில் மன்னிப்புக் குறிப்பு எழுதி, மிட்டாயும் காது அடைப்பானும் போட்டு 200-க்கு மேல் பைகளை எல்லோருக்கும் கொடுத்தார். உலகமே 'ஆஹா' என்றது. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. அழுவதற்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்கிற நிலைமைக்கு ஒரு அம்மாவைத் தள்ளியது யார்?

பெற்றோருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அழுகை வேறு, முன் சீட்டை உதைப்பது வேறு. இரண்டாவதைத் தடுக்க வேண்டியது அவர்கள்தான். இறங்க ஆரம்பிக்கும்போது குழந்தையை எழுப்பிப் பாலோ தண்ணியோ கொடுத்தால் காதுவலி குறையும். மாற்றுத்துணி குழந்தைக்கு மட்டும் இல்லாமல் தனக்கும் கைப்பையில் வைக்கணும். குழந்தைக்கான பாலுக்கு 100 மி.லி. கட்டுப்பாடு கிடையாது, செக்யூரிட்டியில் தைரியமாகச் சொல்லலாம். தூக்க மருந்து ஊற்றுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிக் கொடுக்கப்படுகிற புரோமெதசின், 2 வயசுக்குள் இருக்கிற குழந்தையின் மூச்சையே பாதிக்கக்கூடியது. சில குழந்தைகள் அந்த வகை மருந்தில் தூங்குவதற்குப் பதில் இன்னும் துள்ளும்.

மிச்சம் நம்ம பங்கு. சீட் வடிவமைக்கிற கம்பெனியில் நம்மில் யாராவது வேலைக்குச் சேர்ந்து, அந்த ஸ்பெக்கைத் திருத்துகிற நாள் வரலாம். அதுவரைக்கும் செய்ய முடிந்தது சின்னது. மேலே இருக்கிற பையை இறக்கிக் கொடுங்க. குழந்தை உங்களையே பார்த்தால் ஒரு தடவை சிரிங்க. "நீங்க போய்ட்டு வாங்க அக்கா, நான் இங்கயேதான் இருக்கேன்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க அஞ்சு நிமிஷத்தில் திரும்பி வந்துடுவாங்க. அதுக்கப்புறம் ஹெட்ஃபோனை மாட்டிக்கோங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.