தன் கல்லீரலையே தாக்கும் காவலாற்றல்

மஞ்சட்காமாலை என்றதும், தொற்றோ குடியோதான் காரணம் என்று ஐயுறுவது நம் குடும்பங்களில் வழக்கம். இவ்விரண்டும் அல்லாத வகையும் ஒன்று உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கவென இறைவன் நம் உடலில் அமைத்த காவலாற்றலே நெறி பிறழ்ந்து கல்லீரலைத் தாக்குகிறது. 1950-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம் இளம்பெண்களிடம் இதனைக் கண்டு விவரித்தார். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது.

தீராக் களைப்பு, மூட்டுவலி, கண்களில் மஞ்சள் ஆகியன இதன் அறிகுறிகள்; சிலரிடம் எதுவுமே தோன்றாது. இரத்தச் சோதனையாலும், ஊசிகொண்டு எடுக்கும் கல்லீரல் திசுவின் ஆய்வாலும் நோய் உறுதி செய்யப்படும். பிரெட்னிசோலோன், அசதயோபிரின் என்னும் மருந்துகள் பெரும்பாலோர்க்கு நற்பயன் தருகின்றன.

ஆனால் மஞ்சள் மறைந்ததும், அல்லது மருந்தால் முகம் பருத்ததும், அதனைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். நோய் மீண்டும் தலைதூக்கிக் கல்லீரலைச் சுருக்கிவிடக் கூடும். பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவதே உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். அளவைக் குறைப்பது மருத்துவரின் பொறுப்பு. அவரைக் கேளாமல் நாட்டு மருந்தும் சேர்க்கலாகாது.

இந்நோய் தொற்றாது, நோயுற்ற மருமகளுக்குத் தனித் தட்டும் குவளையும் வேண்டா. தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரை வழிபடும் இல்லத்தில், அவளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதும், மாத்திரை வேளையைத் தவறாது நினைவூட்டுவதும் அன்பின் கடமையாகும்.