கேம் டீவியை யூடியூப் கொன்றதாம்!

 

பிள்ளைகளும் போன் கேமும் என்று பேச்சு எடுத்தால் எமது ஊரில் ஒரு வாதம் தவறாமல் வந்து விழுகிறது. “அமெரிக்காவிலேயே கேமுக்கென்று தனியாக ஒரு கேபிள் டீவி நடத்தினார்கள். இரண்டு தரம் இழுத்து மூடினார்கள். யூடியூப் வந்ததும் ஆள் இல்லாமல் போய்விட்டது. கேமைப் பற்றிக் கதைக்க என்ன கிடக்கு? போனைப் பறித்து வைத்தால் வேலை முடிந்தது.” படித்தவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

மூடியது உண்மை. இரண்டு தரம் மூடியதும் உண்மை. மூடிய காரணம்தான் பொய்.

அந்த அலைவரிசையின் பெயர் ஜீ4. கொம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் கம்பெனி 2002 ஏப்ரல் 24இல் அதைத் தொடங்கியது. முதல் வாரம் முழுக்க ‘பொங்’ என்ற அந்தக் காலத்து விளையாட்டைத்தான் காட்டினார்கள். இரண்டு கோடும் ஒரு புள்ளியும், அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் பார்க்கிறவனுக்கு இது விளங்கும், இவன் நம்மவன் என்று நம்பித்தான் அப்படித் தொடங்கினார்கள்.

பிறகு வந்த நிகழ்ச்சிகளைப் பாருங்கள். ‘ஐகொன்ஸ்’ கேம்களை உருவாக்கிய மனிதர்களையும் கம்பெனிகளையும் பற்றிய ஆவணப்படத் தொடர். ‘போர்ட்டல்’ இணையத்தில் கூட்டமாக விளையாடும் உலகங்களைப் பற்றியது. ‘அரீனா’ போட்டி. ‘சீட்’ கஷ்டமான கட்டங்களைத் தாண்டும் வழியைச் சொல்லித் தந்தது. ‘ஜட்ஜ்மென்ட் டே’யில் இரண்டு பேர் உட்கார்ந்து புதுக் கேம்களுக்குப் புள்ளி போட்டுச் சண்டை பிடித்தார்கள். எல்லாமே தரம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சிலது பார்க்க முடியாத அறுவை. ஆனாலும் ஒரு பொடியன் மாலையில் எதைச் செய்கிறானோ அதைப் பெரியவர்கள் நேராக உட்கார்ந்து கதைத்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ‘எக்ஸ்-பிளே’. அது டெக்டீவி என்ற வேறொரு அலைவரிசையில் பிறந்தது. 2004இல் கொம்காஸ்ட் டெக்டீவியை வாங்கி ஜீ4உடன் இணைத்தபோது இங்கே வந்து சேர்ந்தது. அடம் செஸ்லர், மோர்கன் வெப் என்ற இரண்டு பேர் நடத்தினார்கள். ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. அரைப் புள்ளி கிடையாது. நாங்கள் பரீட்சைத் தாள் திருத்துகிற ஆட்கள், எங்களுக்குத் தெரியும், அரைப் புள்ளி இல்லையென்றால் திருத்துகிறவன் எங்கேயும் ஒளிய முடியாது. நல்லதா கெட்டதா சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவும் ஏன் என்று சொன்னார்கள். கமரா சரியாகத் திரும்பவில்லை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள், படத்தின் பெயரை வைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று. அப்போது அங்கே ஒரு புதுக் கேமின் விலை ஏறத்தாழ 50 டொலர். “இதை வாங்காதே” என்று தெரிந்த ஒருவர் சொல்வது பிள்ளைக்கும் வாப்பாவுக்கும் எவ்வளவு பெரிய உதவி!

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தது இதுதானே: அறிந்ததிலிருந்து அறியாததற்குப் பிள்ளையைக் கொண்டு போ. அந்த நிகழ்ச்சி செய்ததும் அதையேதான். பிள்ளைக்குத் தெரிந்த பொருளைக் கையில் எடுத்து, அதை எடை போடுவது எப்படி என்று காட்டியது.

இனி அதை யார் கெடுத்தது என்று பார்ப்போம். திகதியைக் கவனியுங்கள்.

இணைப்பின்போதே டெக்டீவியின் சான் பிரான்சிஸ்கோ ஊழியர்களில் பெரும்பகுதி வீட்டுக்குப் போனது. 2005 பெப்ரவரியில் டெக்டீவி என்ற பெயரையும் அழித்தார்கள். மக்கள் தொலைபேசியில் கணினிப் பிரச்சினை கேட்டு விளக்கம் பெற்ற ‘த ஸ்கிரீன் சேவர்ஸ்’ நிகழ்ச்சியை ஒழித்து, மார்ச் 28 முதல் அந்த இடத்தில் ‘எட்டக் ஒஃப் த ஷோ’ என்ற கலகலப்பு நிகழ்ச்சியைப் போட்டார்கள். யூடியூபில் முதலாவது வீடியோ ஏறிய நாள் எது தெரியுமா? 2005 ஏப்ரல் 23. அதாவது கழுத்தைப் பிடித்தபோது குற்றவாளி என்று நீங்கள் சொல்கிறவன் பிறக்கவே இல்லை!

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். கேமைப் பற்றிய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகப் போயின. பொலிஸார் வீதியில் ஆள் துரத்திப் பிடிக்கும் ‘கொப்ஸ்’ மறுஒளிபரப்பு வந்தது. புருஷன் பெண்சாதியின் கள்ளத் தொடர்பைக் கமரா கொண்டு துரத்தும் ‘சீட்டர்ஸ்’ வந்தது. முன்பு ‘சீட்’, இப்போது ‘சீட்டர்ஸ்’. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், போன தூரத்தைப் பாருங்கள். ஜப்பானின் ‘நிஞ்சா வொரியர்’ நல்ல நிகழ்ச்சி, அதை மறுக்க மாட்டோம். ஆனால் அதுவும் கேம் அல்லவே.

“அதற்குத்தானே ஆட்கள் கூடினார்கள்” என்பார்கள். கூடட்டுமே. கொப்ஸ் 1989இல் இருந்து அமெரிக்காவில் ஓடிய நிகழ்ச்சி. அதைப் பார்க்க ஜீ4 எதற்கு? எல்லாக் கடையிலும் கிடைக்கும் சாமானை மட்டும் வைத்திருக்கும் கடைக்கு யார் தனியாக வாடகை கொடுப்பார்? அதே கேள்விதான் வந்தது. 2010 நவம்பர் 1இல் டைரெக்டீவி என்ற பெரிய செய்மதி நிறுவனம் ஜீ4ஐத் தன் வரிசையிலிருந்து தூக்கிவிட்டது. 2013 ஜனவரியில் எக்ஸ்-பிளேயும் எட்டக் ஒஃப் த ஷோவும் முடிந்தன. 2014 டிசம்பர் 31இல் அலைவரிசையே அணைந்தது.

முகாமையாளர்களின் கணக்கு என்ன? கேம் விளையாடுகிறவன் ஓர் இளம் ஆண். அவனுக்குச் சிந்திக்கத் தெரியாது. அடிதடியும் அரைகுறை ஆடையும் காட்டினால் போதும். பெண் தொகுப்பாளர்களை நிறுத்திச் செய்வித்த சில கோமாளித்தனங்களை நாங்கள் இங்கே எழுத விரும்பவில்லை. பெண் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள் என்ற எண்ணமே அந்தக் கணக்கில் இல்லை. பார்வையாளனை மட்டமாக நினைத்தார்கள், பார்வையாளன் எழுந்து போனான்.

சரி, 2021 நவம்பர் 16இல் திரும்பி வந்தார்களே, அதுவும் ஏன் ஒரு வருடம் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த முறை யூடியூபிலும் ட்விட்சிலும்கூட ஒளிபரப்பினார்கள். அதே எக்ஸ்-பிளே, அதே எட்டக் ஒஃப் த ஷோ. 2022 ஒக்டோபரில் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். காரணம் கஷ்டமில்லை. தானே கைவிட்டுப் போன வீட்டுக்குப் பல வருடம் கழித்து வந்து கதவைத் தட்டினால் உள்ளே வேறு ஆட்கள் குடியிருப்பார்கள். அந்த வெற்றிடம் யூடியூப் உண்டாக்கியது அல்ல. அவர்கள் விட்டுப் போன இடத்தில்தான் யூடியூப்காரன் வந்து உட்கார்ந்தான்.

இப்போது அவன் எங்கள் வீட்டு ஹோலிலும் உட்கார்ந்திருக்கிறான். ஃப்ரீ ஃபயர் விளையாடிக்கொண்டே தமிழில் கத்துகிறவர்களைப் பிள்ளைகள் மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். அதில் சிலர் கெட்டிக்காரர்கள். ஆனால் “இந்தக் கேம் உன் காசை எப்படி எடுக்கிறது தெரியுமா” என்று நின்று சொல்ல எத்தனை பேர்? ஃப்ரீ ஃபயரில் ‘லக் ரோயல்’ என்று ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து டயமண்ட் வாங்கி, அதைப் போட்டுச் சுழற்ற வேண்டும். என்ன விழும் என்று தெரியாது. விழும்வரை சுழற்றலாம். இப்படிக் காசு போட்டு அதிர்ஷ்டம் பார்க்கும் சில கேம் பெட்டிகளை 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு சூது என்றே தீர்மானித்தது. சூதைப் பற்றி நமக்கு வெளியே இருந்து யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அது நம் பிள்ளையின் போனுக்குள் சுழல்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரீலோட் காசு எங்கே போகிறது என்று தெரியாமல் தடுமாறும் உம்மாமாரிடம் கேளுங்கள்.

கதைக்க ஒன்றுமில்லை என்பவர்களே, கதைக்க வேண்டியது இதைத்தான்! போனைப் பறித்தால் பக்கத்து வீட்டுப் போனில் சுழற்றுவான். எது நல்ல கேம், எது பணம் பிடுங்குகிறது, எதற்கு ஐந்தில் ஒன்றுதான் போடலாம் என்று அவனையே சொல்ல வையுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். எங்கள் பாடசாலையில் வரும் தவணை முதல் தமிழ்ப் பாட வேளையில் மாணவர்களைக் கேம் விமர்சனம் எழுத வைக்கப் போகிறோம். ஒரு பக்கம், ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி, அரைப் புள்ளி இல்லை. எதிர்ப்புள்ள பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கதையுங்கள். வருமுன் மகனிடம் லக் ரோயல் என்றால் என்ன என்று ஒரு தரம் கேட்டுவிட்டு வாருங்கள்.