துரு எல்லாம் ஒரே துரு அல்ல

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கடலை ஒட்டிய வீடுகளின் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் செம்பழுப்புப் பொடி ஒட்டும். பொங்கலுக்கு முன் அதன் மேலேயே பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த மழைக்குள் பெயின்ட் கொப்பளித்துத் துரு எட்டிப் பார்க்கும். பழி பெயின்ட் கடைக்காரர் மேல்!

துரு என்பது வெறும் அழுக்கு அல்ல, படிகங்களின் கூட்டம். ஈரம் பட்ட இரும்பில் பெரும்பாலும் முதலில் உருவாவது லெபிடோகுரோசைட். நாளடைவில் அதில் ஒரு பகுதி கரைந்து, இன்னும் நிலையான கோதைட்டாகப் படியும். நனையும்போது துருவின் மேற்பரப்பு கருப்பு மேக்னடைட்டின் பக்கம் மாறும். காயும்போது ஆக்சிஜன் அதைத் திருப்பிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பு போய்விடும். பழைய துருவே புதிய துருவுக்கு விளைநிலம்.

கடலோரத்தில் இதோடு அகாகனைட் என்ற இன்னொரு படிகமும் சேர்கிறது. அதன் அமைப்பில் நுண்ணிய சுரங்கங்கள் உண்டு. உப்பின் குளோரைடு அவற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் பெயின்ட் அடிப்பது, திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதுதான்.

படிகம் மாறினால் தலைவிதியும் மாறும். தில்லி குதுப்மினார் வளாகத்து இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் துருவை ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம், இரும்பில் உள்ள பாஸ்பரஸ் காரணமாகத் துருவுக்குள்ளேயே படிக இரும்புப் பாஸ்பேட் படலம் மெல்ல வளர்ந்து காப்பதாக 2000-ஆம் ஆண்டில் எழுதினார். (தில்லியின் வறண்ட காற்றும் உதவியது. அதே தூணைக் காலடிப்பேட்டையில் நட்டிருந்தால் இத்தனை காலம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே.)

ஜன்னல் போனால் போகட்டும். கூரைக்குள் இருக்கும் கம்பி அப்படி அல்ல. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழும். கீழே குழந்தை தூங்கும். அங்கே கம்பியைத் தொடாமல் சிமென்ட் மட்டும் பூசிவிட்டுப் போவது மோசடிக்குச் சமம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பல பத்தாண்டுகளாக அரிமானத்தை ஆராய்கிறது. அந்த அறிவு தெருவில் வேலை செய்யும் கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் தமிழில் போய்ச் சேர வேண்டாமா?

ஜன்னலுக்காவது செய்யக்கூடியது எளிது. உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு துருவை உலோகம் தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, முழுதும் காயவிட்டு, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். கழுவுவது உப்புக் கரிக்கும் போர் தண்ணீராக இருக்கக் கூடாது.