விடைபெற ஒரு காட்சி

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ மூன்று டிஸ்க்குகளில் வந்த வீடியோ கேம். முதல் டிஸ்க் முடியும் தறுவாயில், பூ விற்கும் பெண் ஏரித் பாழடைந்த நகரம் ஒன்றில் மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறாள். மேலிருந்து இறங்கும் வில்லன் செஃபிரோத்தின் வாள் அவள் உடலை ஊடுருவுகிறது. தலைமுடி நாடாவில் முடிந்து வைத்திருந்த வெள்ளைக் கல் கழன்று, படிகளில் துள்ளித் துள்ளி நீருக்குள் விழுகிறது. அடுத்த கணமே சண்டை தொடங்குகிறது. ஆனால் சண்டைக்குரிய துடியான இசை வரவில்லை. நொபுவோ உயெமட்சு அவளுக்கென்று அமைத்த மெல்லிய மெட்டே சண்டை முழுவதும் ஒலிக்கிறது. எல்லாம் ஓய்ந்ததும் கதாநாயகன் கிளவுட் அவளை ஏந்திச் சென்று ஏரி நீரில் விடுகிறான். வீடியோ கேம் காதல்களில் மிக அதிகமானோரை அழவைத்த, மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட சாவுகளுள் இது முதன்மையானது.

ஏரித்தை உயிரோடு மீட்க ஒரு ரகசிய வழி உண்டு என்ற வதந்தி ரசிகர்களிடையே கிளம்பிப் பல ஆண்டுகள் ஓயாமல் சுற்றியது. இன்ன பொருளைத் தேடிச் சேர்த்தால், இன்ன இடத்துக்கு இன்ன நேரத்தில் போனால் அவள் திரும்பி வருவாள் என்றார்கள். அப்படி ஒரு வழி அந்த கேமில் கிடையாது. ஆனாலும் இதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. அதுவரை ஆடிய அத்தனை மணி நேரமும் கேம் கற்றுக்கொடுத்த பாடத்திலிருந்துதான் இந்த நம்பிக்கை பிறந்தது. சண்டையில் வீழ்ந்தவருக்கு ‘ஃபீனிக்ஸ் டவுன்’ என்ற இறகைப் பயன்படுத்தினால் எழுந்துவிடுவார். எல்லோரும் வீழ்ந்துபோனால் சேவ் செய்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். தோற்றால் சரியாக ஆடவில்லை என்று பொருள், சரியாக ஆடினால் தோல்வி மாறும். இந்த விதியில் பழகிய கைக்கு, ஒரு சாவு மட்டும் எப்படி ஆடினாலும் மாறாது என்பது எளிதில் பிடிபடுவதில்லை. நாவலின் நாயகி இறந்தால் வாசகருக்கு வருவது துக்கம். கேமில் அந்தத் துக்கத்தோடு, தன்னால் முடிந்திருக்குமோ என்ற குற்ற உணர்வும் சேர்ந்து வருகிறது.

காதலை வளர்ப்பதும் அதே கைதான். 1994இல் கொனாமி வெளியிட்ட ‘டோக்கிமெக்கி மெமோரியல்’ இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. ஒரு பள்ளி மாணவனின் மூன்று ஆண்டுகளை ஆடுபவர் படிப்புக்கும் விளையாட்டுக்கும் சந்திப்புகளுக்குமாகப் பங்கிட வேண்டும். படிப்பு முடியும் நாளில் பள்ளியின் பழைய மரத்தடியில் ஒருத்தி வந்து தன் மனத்தைச் சொன்னால் வெற்றி, யாரும் வராவிட்டால் தோல்வி. பெண்களுக்கான காதல் கேம்களுக்கு வழிவகுத்த ‘ஏஞ்சலீக்’ வந்ததும் அதே ஆண்டுதான். அங்கெல்லாம் இன்ப முடிவு ஒரு பரிசு, துன்ப முடிவு ஒரு தண்டனை.

‘ஃபைனல் ஃபேன்டசி 7’ இந்தக் கணக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்தது. தெருவில் முதன்முதலாக எதிர்ப்படும் ஏரித்திடம் ஒரு கில் காசு கொடுத்துப் பூ வாங்கலாம், வாங்காமலும் போகலாம். இப்படிப்பட்ட சின்னஞ்சிறு தேர்வுகள் உள்ளே எண்களாகச் சேர்ந்து, பின்னால் கோல்டு சாசர் பொழுதுபோக்குப் பூங்காவில் கிளவுடோடு இரவு உலா வருவது யார் என்பதை முடிவு செய்கின்றன. வாளோ எந்த எண்ணையும் பார்ப்பதில்லை. பூ வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் அவள் ஒரே போலத்தான் இறக்கிறாள். இயக்குநர் யொஷினொரி கித்தாசே பிற்காலத்தில் தந்த விளக்கம் இங்கே பொருந்துகிறது. பெருமிதமான தியாகச் சாவு கதைகளில் ஏராளம் உண்டு, நிஜ வாழ்வின் சாவு திடீரென வந்து வெறுமையை விட்டுப்போகிறது, அந்த வெறுமையைத் தரவே விரும்பினோம் என்பது அதன் சாரம். அவர்கள் விரும்பியது கைகூடியது. ரசிகர்கள் பெரும்பாலோர் அந்தக் காட்சியைப் பின்னர் மன்னித்தது மட்டுமல்ல, நேசிக்கவும் தொடங்கினார்கள். அதற்கு ஏரி நீரில் விடும் காட்சிக்கும், நிறுத்தப்படாத இசைக்கும் பெரும்பங்கு உண்டு. துக்கம் கொண்டாட அங்கே நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அப்படி நேரம் ஒதுக்கப்படாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2012 மார்ச் மாதம் வெளியான ‘மாஸ் எஃபெக்ட் 3’ சாட்சி. கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 என மூன்று பாகங்களாக வெளியிட்ட விண்வெளிக் கதை அது. ஒரு பாகத்தில் சேவ் செய்த முடிவுகள் அடுத்த பாகத்துக்கு அப்படியே செல்லும். நாயகன் அல்லது நாயகியான கமாண்டர் ஷெப்பர்டின் முகம், பேச்சு, நட்பு, காதல் எல்லாம் ஆடுபவரின் தேர்வு. தோழர்களுள் லியாராவையோ காரஸையோ டாலியையோ ஆண்டுக்கணக்கில் காதலித்து வந்தவர்கள் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வந்தபோது, ஒரு சிறுவனின் உருவம் தோன்றி மூன்று வழிகளைக் காட்டியது. ஒன்றில் சிவப்பு ஒளி, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை. எதைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் ஷெப்பர்ட் மடிகிறார். ஷெப்பர்டின் கப்பல் எங்கோ ஒரு காட்டுக் கோளில் விழுகிறது. அதிலிருந்து தோழர்கள் இறங்கி வருகிறார்கள். போர்க்களத்தில் பக்கத்தில் நின்றவர் கப்பலுக்கு எப்படிப் போனார், காதலர் பிழைத்தாரா, ஷெப்பர்டுக்காக யாராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்களா, எதற்கும் பதில் இல்லை.

எதிர்ப்பு எழுந்தது. ரசிகர்கள் ஏறத்தாழ 400 கப்கேக்குகளை பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறப் பூச்சு, உள்ளே எல்லாம் ஒரே சுவை. முடிவை மாற்றக் கோரிய இயக்கம் நோயுற்ற குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வழங்கும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கும் மேல் திரட்டியது. கலைஞரின் சுதந்திரத்தில் கூட்டம் தலையிடுகிறது என்று விமர்சகர்கள் சிலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் வலுவற்றது. நண்பர் புல்வெர்-லிட்டனின் யோசனையை ஏற்று, ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் பிரிவு முடிவை நம்பிக்கைக்கு இடம்தரும் வகையில் 1861இல் சார்ல்ஸ் டிக்கன்ஸே திருத்தி எழுதினார். ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் கார்டீலியாவைச் சாகவிடாமல் எட்கருக்கு மணமுடித்து நேஹம் டேட் 1681இல் எழுதிய வடிவம் லண்டன் மேடையில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடப்பட்டது. 1838இல்தான் மாக்ரெடி மூலத்தை மேடைக்கு மீட்டார். முடிவைப் பற்றி வாதாடும் உரிமை ரசிகருக்கு நெடுங்காலமாகவே உண்டு. டேட்டின் திருத்தம் மோசமானது என்பது வேறு விஷயம்.

2012 ஜூன் 26 அன்று பயோவேர் இலவசமாக வெளியிட்ட விரிவாக்கம்தான் இந்த விவகாரத்தில் கூர்ந்து கவனிக்கத் தக்கது. முடிவு இன்பமயமாக மாறவில்லை. அதே மூன்று நிறங்கள் இருந்தன, ஷெப்பர்டின் சாவும் இருந்தது. சேர்க்கப்பட்டவற்றுள் இரண்டு காட்சிகள் காதலைத் தொட்டன. கடைசி ஓட்டத்துக்கு நடுவே கப்பல் தாழ இறங்கி வர, காயம்பட்ட காதலரை ஷெப்பர்ட் அதில் ஏற்றி அனுப்புகிறார். அங்கே சில சொற்கள் பேசிக்கொள்ள இடம் கிடைக்கிறது. பின்னர், கப்பலில் இறந்தோர் பெயர்கள் பொறித்த சுவரின் முன் தோழர்கள் கூடுகிறார்கள். ஷெப்பர்டின் பெயர்ப் பலகையைக் கையில் ஏந்தி நிற்பவர் அந்தக் காதலர். அதை மெல்லச் சுவரில் மாட்டுகிறார். ஷெப்பர்ட் பிழைத்திருக்கக்கூடும் என்ற ஒரு முடிவில் மட்டும், மாட்டப் போன கை நின்றுவிடுகிறது. எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை. ஆனால் கோபம் கணிசமாகத் தணிந்தது. 2013 மார்ச்சில் வந்த ‘சிட்டாடல்’ இணைப்பு, முடிவுக்கு முந்தைய காலத்தில் ஒரு விருந்தும் காதலரோடு ஓர் இரவும் தந்து, கதையின் போக்கில் எதையும் மாற்றாமலேயே ரசிகர்களின் மனத்தை நிறைத்தது. அவர்கள் கேட்டதில் கணிசமான பங்கு விடைபெறுவதற்கான ஒரு காட்சி என்பது அப்போது தெளிவாயிற்று.

‘ஃபைனல் ஃபேன்டசி 10’ (2001) அந்தக் காட்சியை முன்பே முழுமையாக எழுதியிருந்தது. நாயகன் டீடஸ் கனவிலிருந்து உருவானவன். உலகம் மீண்டதும் அவன் கரைய வேண்டும். தழுவ ஓடிவரும் காதலி யூனா அவன் உடலுக்குள்ளாகவே விழுந்து தளத்தில் சாய்கிறாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஒரு சொல் சொல்கிறாள். ஜப்பானிய மூலத்தில் அது ‘நன்றி’. ஆங்கிலத்தில் அதைக் காதல் மொழியாகப் பெயர்த்தார்கள். மூலத்தின் அடக்கமே கனமானது என்றாலும், மொழிபெயர்ப்பில் அழுதவர்களும் குறைவில்லை. பிறகு அவன் அவளைப் பின்னிருந்து அணைத்து, அவளுக்குள் நடந்து கடந்து, ஆகாயக் கப்பலின் விளிம்பிலிருந்து குதிக்கிறான். தொலைந்துபோனால் விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடி என்று அவன் ஒருமுறை அவளுக்குக் கற்றுத் தந்திருந்தான். அவள் கடலைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கிறாள்.

2003இல் வந்த ‘10-2’, அந்த வரிசையின் மூலக் கேம்களில் முதல் நேரடித் தொடர்ச்சி. அதில் டீடஸ் திரும்பி வர வழி உண்டு. அது தானாக வாய்ப்பதில்லை. குறிப்பிட்ட தருணங்களில் யூனாவுக்காகப் பொத்தானை அழுத்தி, பதில் சீழ்க்கைக்குச் செவிகொடுத்து, கடைசியில் கேட்கப்படும் கேள்விக்கும் ஆம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் அவன் கடலிலிருந்து எழுந்து வருகிறான். முதல் கேமின் துக்கத்தைப் பொய்யாக்கியதாகச் சிலர் இதை வெறுத்தார்கள். பிரிவை அதன் முழு எடையோடு சுமந்தவருக்கே கூடலைக் கொடுத்த இந்த ஏற்பாடு துக்கத்துக்கு மரியாதை செய்தது என்பதே சரியான மதிப்பீடு.

இதே ஏற்பாட்டை ஆழமாக நிகழ்த்திய படைப்பு கீ நிறுவனத்தின் ‘க்ளானட்’ (2004). அழவைக்கும் காதல் கேம்களுக்கு ஜப்பானில் ‘நாகிகே’ என்ற பெயரே உண்டு. அதன் உச்சங்களுள் ஒன்று இது. தொமோயா, நோஞ்சான் உடம்புக்காரி நாகிசாவைப் பள்ளிக்குச் செல்லும் மேட்டுப் பாதையில் சந்திக்கிறான். மற்ற காதல் கதைகள் கல்யாணத்தோடு முடியும் இடத்தில் இது வேலை தேடுவது, வாடகை வீடு, மாமனார் வீடு என்று தொடர்கிறது. பனி கொட்டும் நாளில் பிள்ளை பெற்ற நாகிசா இறந்துபோகிறாள். தொமோயா ஐந்து ஆண்டுகள் மகள் உஷியோவைத் திரும்பியும் பாராமல் கிடக்கிறான். ஒரு பயணத்தில், ஒரு பூவெளியில், தொலைந்த ரோபோ பொம்மைக்காக அழும் மகளிடம் அவன் தந்தையாகிறான். பிறகு மகளையும் அதே நோய் தீண்டுகிறது. வெவ்வேறு மனிதர்களின் கதைகளையும் ஆடி முடித்து, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் ஒளித்துளிகளைச் சேர்த்தவருக்குத்தான் நாகிசா பிழைக்கும் முடிவு திறக்கிறது. தன் காதலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது திறப்பதில்லை. கடைசி அற்புதத்தை மலிவு என்று சொல்பவர்கள் அந்த நீண்ட மணி நேரங்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

ரசிகர்களை உண்மையில் நோகவைக்கும் முடிவு வேறு வகையானது. ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ (2015) ஒரு கடற்கரை ஊரையா, தோழி க்ளோயியையா, யாரைக் காப்பாற்றுவது என்று நாயகி மேக்ஸின் கையில் தீர்ப்பைக் கொடுத்தது. ஊரையே பலிகொடுத்து க்ளோயியைக் காத்தவர்கள், 2024இல் வந்த ‘டபுள் எக்ஸ்போஷர்’ தொடர்ச்சியில் அந்த இருவரும் ஏற்கெனவே பிரிந்துவிட்டதாக அறிந்தார்கள். பிரிவு கண்முன்னே நடக்கவில்லை. ‘10-2’க்குப் பிந்தைய காலத்தைச் சொல்லி 2013இல் வந்த ஒலி நாடகமும் யூனாவை டீடஸிடமிருந்து இப்படித்தான் விலக்கியது. துன்பம் நேர்ந்தது ரசிகருக்கு ஆத்திரமூட்டவில்லை. தங்கள் கை இல்லாத இடத்தில், தாங்கள் பாராத நேரத்தில் அது நேர்ந்ததுதான் ஆத்திரமூட்டியது.

இதற்கு நேர்மாறான கவனத்தை லாரியன் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) காட்டியது. ஆடுபவரின் தோழர்களுள் ஒருத்தியான கார்லாக்கின் இதயத்தைப் பிடுங்கிவிட்டு அங்கே நரக எந்திரம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் வெம்மையால் அவளை யாரும் தொட முடியாது. ஒரு கொல்லன் அதைச் சற்றே சரிசெய்ததும், பத்தாண்டுகளுக்குப் பின் அவள் முதன்முதலாக இன்னொருவரைத் தொடுகிறாள். அதே கொல்லன், பூவுலகில் இருந்தால் அந்த எந்திரம் அவளைக் கொல்லும் என்றும் சொல்லிவிடுகிறான். குணப்படுத்த வழி வேண்டும் என்று ரசிகர்கள் மன்றாடினார்கள். லாரியன் குணப்படுத்தவில்லை. ஆகஸ்ட் இறுதியில் வந்த திருத்தத்தில், நரகத்துக்குத் திரும்பும் முடிவுக்கு ஒரு முழுக் காட்சியைக் கொடுத்தது. காதலர் அவளோடு சேர்ந்தே அந்த வாசலைக் கடக்கலாம். நவம்பர் 30 திருத்தம், ஆறு மாதம் கழித்துத் தோழர்கள் எல்லோரும் கூடும் ஓர் இரவைச் சேர்த்தது. அங்கே அவள் எந்திரத்தைச் சரிசெய்ய உதவக்கூடிய வரைபடம் பற்றிப் பேசுகிறாள். அவள் பிழைப்பாளா என்பதைக் கேம் சொல்லவில்லை.

ஏரித்தின் கதையும் 1997இலேயே நின்றுவிடவில்லை. அதை மூன்று பாகங்களாக மறுபடி சொல்லும் முயற்சியின் இரண்டாவது பாகம் ‘ரீபர்த்’ 2024 பிப்ரவரி 29 அன்று வந்தது. வாள் இறங்கும் கணத்தில் கிளவுட் அதைத் தட்டிவிடுவது போல ஒரு நொடி தெரிகிறது, அடுத்த நொடி இரத்தம் தெரிகிறது. தோழர்கள் அழுகிறார்கள். கிளவுட் மட்டும் அழவில்லை, அவனுக்கு அவள் உயிரோடு பக்கத்திலேயே தெரிகிறாள். அவள் இருக்கிறாளா, அவன் மனம் இறப்பை ஏற்க மறுக்கிறதா என்பது திறந்தே விடப்பட்டிருக்கிறது. இறுதியில் எல்லோரும் சிறிய விமானத்தில் ஏறிக் கிளம்புகிறார்கள். ஏரித் கீழே நின்று வழியனுப்புகிறாள்.